காரைக்கால் – நாகை – மயிலாடுதுறை: பழைய கட்டடங்களில் சூடு குறைக்கும் புதுப்பிப்பு, எல்லைக்கு இரு பக்கமும் ஒரே முறையில் செய்ய முடியுமா?

#1 அரசலாறு

காரைக்கால் மாவட்டத்துக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். நண்டலாற்றைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம், வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அம்பகரத்தூரைத் தாண்டினால் திருவாரூர்ப் பக்கம். வெயில், உப்புக்காற்று, களிமண், ஐப்பசி அடைமழை எல்லாம் ஒன்றுதான். கொத்தனாரும் இரு பக்கமும் வேலைக்குப் போகிறார். ஆனால் கட்டட விதி வேறு, மின் கட்டணம் வேறு, பொதுப்பணித் துறை விலைப்பட்டியல் வேறு. அங்கே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். இங்கே கோவாவுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் சேர்த்து அமைந்த கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

புதுக் கட்டடத்துக்கு ஏதோ ஒரு சட்டம் இருக்கிறது. எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2017, இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ.வுக்கு மேலான வணிகக் கட்டடங்களுக்கு. 2018 டிசம்பரில் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதா (குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு), 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் குடியிருப்புகளுக்கு. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் குடியிருப்பையும் உள்ளே கொண்டுவந்தது. சுமை வரம்பைக் குறைக்க மாநிலங்களுக்கு அதிகாரமும் கொடுத்தது. ஆனால் ஏற்கெனவே நிற்கும் தாலுகா அலுவலகம், ஆரம்பச் சுகாதார நிலையம், பள்ளி, சுனாமிக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடு, இவை எதிலும் இந்தச் சட்டம் கை வைப்பதில்லை. டெல்டாவில் நிற்பதில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இவற்றைப் புதுப்பிக்க இரு அரசும் சேர்ந்து ஒரு நடைமுறை வகுக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? சட்டத்திலிருந்தா, பணத்திலிருந்தா, வேலை முறையிலிருந்தா?

#2 ஸ்திராஸ்பூர்_தமிழன்

ஐரோப்பாவில் இதே சிக்கலுக்கு நல்ல பாடம் இருக்கிறது. அங்கே 2002லேயே கட்டட எரிசக்தித் திறன் ஆணை வந்துவிட்டது. 2010, 2018, 2024 என்று மூன்று முறை திருத்தினார்கள். 2024 ஆணைப்படி, குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் மிக மோசமான 16 சதவீதத்தை 2030க்குள்ளும் 26 சதவீதத்தை 2033க்குள்ளும் மேம்படுத்த வேண்டும். அரசுக் கட்டடங்களுக்கு வேறொரு ஆணை: ஆண்டுக்கு மொத்தத் தளப்பரப்பில் 3 சதவீதம் புதுப்பிக்க வேண்டும். 2012ல் மத்திய அரசுக் கட்டடங்களுக்கு மட்டும் இருந்ததை 2023ல் எல்லாப் பொது அமைப்புகளுக்கும் விரித்தார்கள்.

ஆனால் எல்லையில் போய்ப் பார்த்தால் கதை வேறு. ரைன் நதிக்கு இந்தக் கரை பிரான்ஸ், அந்தக் கரை ஜெர்மனி. இரண்டிலும் வீட்டுக்கு எரிசக்திச் சான்றிதழ் கட்டாயம். பிரான்சில் 2021 ஜூலையிலிருந்து கரண்ட் பில்லை வைத்துச் சான்றிதழ் தரும் முறை கிடையாது. சுவர், கூரை, சன்னல் கணக்கிலிருந்துதான் தர வேண்டும். ஜெர்மனியில் கணக்கு முறையும் உண்டு, பல வீடுகளுக்கு பில் முறையும் செல்லும். ஒரே மாதிரி வீடு, கரைக்குக் கரை வேறு மதிப்பெண். பிறகு மானியம்: பிரான்சில் ஆர்.ஜி.இ. முத்திரை பெற்ற ஒப்பந்தக்காரர் செய்தால்தான் வீட்டுக்காரருக்குப் பணம். பாலத்துக்கு அந்தப் பக்கம் திறமையான ஜெர்மன் தொழிலாளி இருந்தும், முத்திரை இல்லாவிட்டால் அவரைக் கூப்பிட முடியாது. இந்த இடைவெளிகளை அடைக்கத்தான் மேல் ரைன் பகுதியில் ட்ரையான்-க்ளைமேட் என்று ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்றும் சேர்ந்த வலையமைப்பு இயங்குகிறது.

சட்டத்தை ஒன்றாக்க முப்பது வருடமானாலும் ஆகும். அளவை ஒன்றாக்குவது அதைவிடச் சுலபம், பலனும் உடனே கிடைக்கும்.

#3 வெண்ணாறு

அளவு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம், டெல்டாக்காரர்களுக்கு அது புதிதல்ல. 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டு ஆறுகள் வழியாகத்தான் காரைக்கால் போகிறது. எந்த இடத்தில் எந்த அளவுமானியில் அளப்பது என்று இரு பக்கமும் ஒப்புக்கொள்ளாமல் பங்கீடு பேச முடியாது. கட்டடத்துக்கும் அந்த ஒப்புதல்தான் முதலில் வேண்டும்.

பில்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். புதுச்சேரிப் பக்கம் கட்டண அடுக்கே மாதக் கணக்கு. ரூபாயை ரூபாயோடு ஒப்பிட்டால் எல்லாம் தப்பாகும். யூனிட்டை நாள் எண்ணிக்கையால் வகுத்து, 365ஆல் பெருக்கி, தளப்பரப்பால் வகுத்து, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று கொண்டுவந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்கலாம். தளப்பரப்பிலும் வராந்தா சேருமா, மாடிப்படி சேருமா என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்று. ஏசி இல்லாத பள்ளிக்கூடத்தில் பில்லில் எதுவும் தெரியாது. கூரையைச் சரிசெய்தால் மூன்றாம் பாட வேளையில் பிள்ளைகள் தலைக்குமேல் சூடு குறையும், மீட்டர் குறையாது. அதற்கு வெப்பநிலைதான் அளவு.

#4 கூரைக்கணக்கு

கூரையிலிருந்து தொடங்கச் சொல்வேன். தரைத்தளம் மட்டும் உள்ள கட்டடத்தில் நாள் முழுக்க வெயில் விழும் பெரிய பரப்பு அதுதான். நம்மூர் வழக்கமான தளத்துக்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

உள்ளே வெளியே காற்றுப் படலத்தின் வெப்பத் தடை 0.21. 120 மில்லிமீட்டர் கான்கிரீட், கடத்தும் திறன் 1.58 என்றால் தடை (மீட்டரில் தடிமன் ÷ கடத்தும் திறன்) 0.076. மேலே 75 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரை (நம் வெதரிங் கோர்ஸ்), 0.75 என்று வைத்தால் 0.10. தட்டோடு 0.025. அடிப்பூச்சு 0.017. கூட்டினால் 0.428. ஒன்றை அதனால் வகுத்தால் யூ மதிப்பு (வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கும் என்ற எண், குறைந்தால் நல்லது) சுமார் 2.3. எகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்குக் கேட்பது 1.2க்கு மேல் போகக் கூடாது என்பதுதான். நாம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கில் நிற்கிறோம்.

எக்ஸ்.பி.எஸ். (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரை) பலகையின் கடத்தும் திறன் 0.034 என்று வைத்துக்கொண்டால்:
25 மில்லிமீட்டர் போட்டால் 0.86,
50 மில்லிமீட்டர் போட்டால் 0.53.

வீட்டுக்கு 25 மில்லிமீட்டரிலேயே விதியில் தேறிவிடும். ஆனால் 2017 விதித்தொகுப்பு 10,000 சதுர மீட்டருக்குக் குறைந்த பள்ளிக்குக் கேட்பது 0.47. 50 போட்டால் அதைத் தொடாது, 60 போட வேண்டும். சாதாரண அலுவலகத்துக்கு 0.33, அதற்கு 90 மில்லிமீட்டர் பக்கம் ஆகும். பழைய கட்டடத்துக்கு அவ்வளவு கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். என் கருத்தில், இரு பக்கத்துக்கும் பொதுவாக வீட்டுக்கு 40, அரசுக் கட்டடத்துக்கு 60 என்று இரண்டே தடிமன் வைத்தால் போதும். கடைக்காரரும் அதையே இருப்பு வைப்பார்.

#5 மேலத்தெரு_பொறியாளர்

கூரைக்கணக்கு சார், யூ மதிப்பில் நிறம் வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட் என்று வைப்போம். அழுக்கேறிய சிவப்புத் தட்டோடு அதில் 70 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும். வெளிப்புற வெப்பக் கடத்துகை எண் 20 என்றால் காற்றுச் சூட்டுக்கு மேல் 30 டிகிரிக்குக் கொஞ்சம் கூட. வெள்ளைப் பரப்பு 30 சதவீதம்தான் வாங்கும். அது 13, 14 டிகிரிதான். வானத்துக்குப் போகும் வெப்பத்தை விட்டுவிட்ட தோராயக் கணக்குதான் இது, ஆனாலும் வித்தியாசம் கண்முன் நிற்கிறது.

அதனால் பணம் குறைவான இடத்தில் வெள்ளை முதலில், பலகை பிறகு. விதித்தொகுப்பும் சமதளக் கூரைக்கு 0.60 எதிரொளிப்பும் 0.90 உமிழ்வும் (வாங்கிய சூட்டை வெளியே விடும் திறன்) கேட்கிறது. தெலங்கானா 2023ல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது; அதன் அமைப்பைப் பார்த்து நம் இரு பக்கத்துக்கும் ஏற்றபடி எழுதலாம்.

டெல்டாவில் இதில் தவறுவது காலம். புரட்டாசியில் சுண்ணாம்பு அடித்தால் ஐப்பசி மழை கழுவிவிடும். மாசி, பங்குனியில் அடிக்க வேண்டும். அடிக்கும் முன் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, முழுசாகக் காய விட வேண்டும். ஈரத்தின் மேல் ரப்பர் வகை வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் ஒரு கோடையிலேயே கொப்புளம் கிளம்பி உரியும். எந்த வெள்ளையும் தூசி படிந்து மங்கும். வருடம் ஒருமுறை கழுவும் வேலையை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் மூன்றாம் வருடம் பலன் பாதிதான்.

#6 ஒப்பந்தப்புள்ளி

இங்கே எல்லோரும் 'இரு அரசும் சேர்ந்து' என்கிறீர்கள். கூட்டாக ஒரே டெண்டர் விடுவது நடக்காத காரியம், முதலிலேயே அதை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998. புதுச்சேரியில் ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017. மேல்முறையீடு, பிணைத்தொகை, கால அளவு எல்லாம் தனித்தனி. ஒப்பந்தக்காரர் பதிவு வகுப்பும் தனி. ஸ்திராஸ்பூர்க்காரர் சொன்ன முத்திரைச் சிக்கல் நம்மிடம் இங்கேதான் இருக்கிறது.

நடக்கக்கூடியது இதுதான்: டெண்டர் தனித்தனி, வேலை விவரக்குறிப்பு ஒன்று. 'கூரைமேல் வெப்பக்காப்பு, 40 மில்லிமீட்டர்' என்ற ஒரு வேலை இனத்துக்கு வார்த்தைக்கு வார்த்தை ஒரே வாசகம். அதை இரு பொதுப்பணித் துறையும் தங்கள் விலைப்பட்டியலில் ஏற்ற வேண்டும். பட்டியலில் இல்லாத வேலையை மதிப்பீட்டில் போட்டால் சந்தை விலைக்கு மூன்று கொட்டேஷன், தனி ஒப்புதல், தணிக்கைக் கேள்வி என்று கோப்பு சுற்றும். அதனாலேயே உதவிப் பொறியாளர்கள் மறுபடியும் செங்கல் ஜல்லியையே எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பட்டியலில் அதுதான் இருக்கிறது.

எரிசக்தித் தணிக்கையாளர் விஷயத்தில் சிக்கல் இல்லை. எரிசக்தித் திறன் வாரியத்தின், அதாவது பி.இ.இ.யின், சான்று நாடு முழுக்கச் செல்லும். திருவாரூரில் இருப்பவர் திருமலைராயன்பட்டினத்தில் தணிக்கை செய்யலாம். இரு பக்கமும் ஏற்கும் ஒரே அறிக்கைப் படிவம்தான் வேண்டும்.

#7 வாஞ்சூர்_சாலை

பலகை போடும் முறையைச் சொல்லுங்கள் ஐயா. கொத்தனார்களுக்கு வெதரிங் கோர்ஸ் தெரியும், இது தெரியாது. 1000 சதுர அடிக்கு என்னென்ன எவ்வளவு ஆகும்? பழைய ஜல்லியை எடுக்கத்தான் வேண்டுமா?

#8 கூரைக்கணக்கு

1000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். எடுக்கத்தான் வேண்டும், காரணம் எடை. 75 மில்லிமீட்டர் ஜல்லிக்காரை சதுர மீட்டருக்கு 135 கிலோ பக்கம். புதிதாக வரும் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் 120 கிலோ. எடுத்துவிட்டுப் போட்டால் தளத்துக்குக் கூடுதல் சுமை இல்லை. மேலேயே போட்டால் இரண்டும் சேரும். இன்னொரு காரணமும் உண்டு: பழைய ஜல்லி மழைநீரைக் குடித்து வைத்திருக்கும். அதன் மேல் மூடினால் ஈரம் கீழே தளத்துக்குள்தான் இறங்கும்.

வரிசை இப்படி. ஜல்லியைச் சிறு உளியால் எடுக்கவும், டெமாலிஷன் பிரேக்கர் வைக்க வேண்டாம், பழைய தளம் விரியும். தளத்தின் அடியில் சுத்தியலால் தட்டிப் பார்க்கவும். பொத்தலாகச் சத்தம் வரும் இடத்தில் காரை பெயர்ந்து கம்பி துரு பிடித்திருக்கும். கடற்கரை ஊர்களில் இது நிறைய. கம்பியின் பருமன் கால் பங்குக்கு மேல் தின்னப்பட்டிருந்தால் வெப்பக்காப்புப் பேச்சையே நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். துருப்பிடித்த தளத்தை அழகாக மூடுவது உயிரோடு விளையாடுவது.

தளம் நன்றாக இருந்தால் வாட்டம் பிடிக்கவும், 100க்கு 1. கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் கலவையால் வளைவு கொடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சை சுவரில் ஒரு அடி ஏற்றவும். 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திக் கசிவு பார்க்கவும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பலகை போட்டால், பிறகு எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அதன் மேல் எக்ஸ்.பி.எஸ். பலகை. கனமீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி. 1.25க்கு 0.6 மீட்டர் அளவுப் பலகை என்றால் 124, சேதாரம் சேர்த்து 130. செங்கல் வரிசைபோல மூட்டுகள் மாறி மாறி வர வேண்டும். மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி, பிறகு கம்பி வலை வைத்து 50 மில்லிமீட்டர் கான்கிரீட், இரண்டு மீட்டர் சதுரங்களாக. மொத்தம் 4.65 கனமீட்டர், கனமீட்டருக்கு 7 மூட்டை என்றால் 33 மூட்டை சிமெண்ட். சதுரங்களுக்கு இடையிலான மூட்டில் சீலண்ட். மேலே வெள்ளை ஓடு.

சுற்றி எங்கே கோட்டைவிடுகிறார்கள் என்றால் மழைநீர்க் குழாய் வாயில். மற்ற இடமெல்லாம் தளத்திலிருந்து 90 மில்லிமீட்டர் (பலகை 40, கான்கிரீட் 50) உயர்ந்துவிடும், குழாய் வாய் தள மட்டத்திலேயே பள்ளமாக நிற்கும். அங்கே பலகையைச் சரிவாகச் சீவி, வாயைச் சுற்றி ஒரு அடிக்கு நீர்த்தடுப்பை இரட்டையாகப் போடாவிட்டால் முதல் மழையிலேயே அந்த மூலை ஊறும்.

#9 கீழையூர்_தெற்கு

தெர்மாகோல் போட்டால் ஆகாதா? விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறதே.

#10 கூரைக்கணக்கு

பெட்டியில் வரும் லேசான தெர்மாகோல் கனமீட்டருக்கு 15 கிலோ பக்கம்தான் இருக்கும். மேலே ஆள் நடந்தால், தண்ணீர்த் தொட்டி வைத்தால் அமுங்கும், கான்கிரீட் சதுரம் விரியும். தண்ணீரும் குடிக்கும். குடித்தபின் வெப்பக்காப்பு குறையும். 'கூலிங் டைல்ஸ்' என்று கடையில் விற்பதையும் வெப்பக்காப்பு என்று எண்ண வேண்டாம். வெள்ளையாக இருப்பதால் எதிரொளிக்கும், அந்தப் பலன் உண்மை. ஆனால் அந்தத் தடிமனில் சொல்லும்படி வெப்பத் தடை எதுவும் இல்லை.

#11 தலைஞாயிறு_தெற்கு

சுனாமி வீடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. நாகையிலும் காரைக்காலிலும் 2004க்குப் பிறகு பல தொண்டு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்தவை. ஒரு குப்பத்தில் ஒரு தடிமன், அடுத்த குப்பத்தில் இன்னொரு தடிமன். சதுர மீட்டருக்கு 120 கிலோவெல்லாம் அந்தத் தளத்தின் மேல் கணக்குப் பார்க்காமல் வைக்க முடியாது. பல வீடுகளில் ஜல்லியே போடவில்லை. எடுத்துச் சமன் செய்யவும் எதுவும் இல்லை.

அதற்காக லேசாகப் பலகை மட்டும் வைத்து மேலே கல் வைத்துவிடலாம் என்று நினைத்தால், 2018 நவம்பர் 16 நினைவில் இருக்கட்டும். கஜா புயல் கரையைக் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். கட்டாத எதுவும் கூரையில் நிற்காது, பறந்து போய்ப் பக்கத்து வீட்டை வெட்டும். அந்த வீடுகளுக்கு வெள்ளை அடிப்பதும் மேற்குச் சுவருக்கு நிழல் தருவதும்தான் முதல் தவணை. அடியில் ஜிப்சம் சீலிங் வைக்கும் வேலையை இரு பக்கத்து மானியப் பட்டியலிலும் சேர்க்கவே கூடாது. கசிவும் துருவும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், உப்பு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், தளம் பகல் வெயிலை முழுக்க வாங்கி ராத்திரி வரை வைத்திருக்கும்.

பணம் தேடும்போது, தமிழ்நாட்டில் பழைய அரசுத் திட்ட வீடுகளுக்கென 2024ல் ஊரகப் பழுதுபார்ப்புத் திட்டம் வந்தது. அதன் வேலைப் பட்டியலில் 'வெள்ளைக் கூரை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், புதுத் திட்டம் அறிவிக்கக் காத்திருக்க வேண்டாம்.

#12 சுண்ணாம்புக்காரை

பழைய வீடுகளையும் மறக்கக் கூடாது. காரைக்கால் பிரெஞ்சுக் காலத்து வீடுகள், தரங்கம்பாடி டேனியக் காலத்து வீடுகள், மாயவரம் பக்கத்து முற்றத்து வீடுகள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்தி வைத்துச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். இவற்றுக்கு மேலே சொன்ன சிமெண்ட் முறை கூடாது. களிமண் தரை, நிலத்தடி நீர் அருகிலேயே. சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ வந்தால் ஈரம் மேலே ஏறி, இடுப்பு உயரத்தில் நின்ற உப்புக்கோடு தோள் உயரத்துக்குப் போகும், பிறகு உத்திர முனை உளுக்கும். மராமத்துக்குச் சுண்ணாம்புதான். கூரைப் பூச்சுக்குக் கடுக்காய், வெல்லம் ஊறவைத்த நீர் சேர்க்கும் வழக்கம் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை இரு பக்கமும் ஒரே பட்டியலில் பதிவு செய்ய வேண்டும்.

எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்கு இங்கேயே முன்மாதிரி உண்டு. புதுச்சேரி வைசியாள் வீதி முகப்புகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டன. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நவ்-சூர்-லோவும் பங்காளி நகரங்கள். செலவை வீட்டுக்காரரும் திட்டமும் பகிர்ந்தார்கள். தரங்கம்பாடியில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் ஆளுநர் மாளிகையைப் புதுப்பிக்கும் பணியில் சேர்ந்தது. கோபன்ஹேகனோடு சேர முடிந்த ஊர், பத்து கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் காரைக்காலோடு சேர முடியாதா?

#13 மேலத்தெரு_பொறியாளர்

சன்னலுக்கு வருகிறேன், ஏனென்றால் சுவருக்குப் பலகை ஒட்டச் சொல்லும் திட்ட வரைவுகள் நிறையச் சுற்றுகின்றன. எகோ நிவாஸ் சம்ஹிதாவின் ஆர்.இ.டி.வி. சூத்திரத்தில் (சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்தின் கணக்கு) சூடும் ஈரமும் உள்ள மண்டலத்துக்கு மூன்று எண்கள்: சுவருக்கு 5.15, கண்ணாடி வழிக் கடத்தலுக்கு 1.31, கண்ணாடி வழி வெயிலுக்கு 65.21. வரம்பு சதுர மீட்டருக்கு 15 வாட்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், யூ மதிப்பு 2.1. சன்னல் பரப்பு 15 சதவீதம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி: யூ மதிப்பு 5.8, வெயிலை உள்ளே விடும் பங்கு 0.85. திசைக் காரணியை 1 என்று வைத்தால் 9.2, 1.1, 8.3. மொத்தம் 18.6. வரம்பைத் தாண்டிவிட்டது. இப்போது சுவரைத் தொடாமல் சன்னலுக்கு மட்டும் வெளியில் நிழல் கொடுத்து 0.85ஐ 0.45க்குக் கொண்டுவந்தால் கடைசி எண் 4.4. மொத்தம் 14.7. தேறிவிட்டது. சன்ஷேடை நீட்டுவது, பக்கவாட்டுத் தடுப்பு, வெளியில் மூங்கில் தட்டி, இவைதான் மருந்து. கிழக்கு, மேற்குச் சன்னலுக்கு முதலில். அந்தத் திசைகளின் காரணி 1.15க்கு மேல், வடக்குக்கு 0.66. உள்ளே திரை போடுவது இதில் சேராது, வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டிவிட்டது.

வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் யோசனையும் வரும். அது மதுரை, திருச்சிப் பக்க வறண்ட கோடைக்கு. கடற்கரையில் காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் அதிகம் ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும்.

#14 வெண்ணாறு

மின்விசிறியையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிரஷ் இல்லா மோட்டார்) விசிறி 30 வாட் பக்கம். நாளுக்கு 10 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஒன்றுக்கு 135 யூனிட் மிச்சம். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம், அதனால் எல்லைக்கு இரு பக்கமும் ஒரே தரக்குறியீட்டை எழுதலாம். ஒன்றிய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். வழியாக இரு அரசும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு ஒரே தொகுப்புக் கொள்முதலில் சேர முடியும். ஒப்பந்தப்புள்ளி சொன்ன டெண்டர் சிக்கலுக்கு அது ஒரு வழி.

#15 அரசலாறு

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு வரைவு. திருத்துங்கள்.

காரைக்கால், நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் நான்கிலும் அரசுக் கட்டடப் பட்டியல், தளப்பரப்போடு. ஆண்டுக்கு 3 சதவீதப் பரப்பு. முதல் ஆண்டு மாவட்டத்துக்கு ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம். வேலை வாசகம் ஒன்று, டெண்டர் தனித்தனி. தமிழ்நாட்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்துக்கான முகமை மின் ஆய்வுத் துறை. அவர்களும் புதுச்சேரி முகமையும் ஒரே தணிக்கைப் படிவத்துக்குக் கையெழுத்திட வேண்டும். மேலிடத்தில் பேச வேண்டியது வந்தால் தென் மண்டலக் குழுவில் இரு அரசும் உறுப்பினர்கள்தாம்.

அளக்கும் முறைக்கு மட்டும் தெளிவான வாசகம் இன்னும் வரவில்லை.

#16 வெண்ணாறு

அளவுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில், ஒரே திசை பார்த்த இரண்டு வகுப்பறை: ஒன்றில் வேலை, மற்றதைத் தொடாமல் விடுவது. இரண்டிலும் வெப்பநிலை, ஈரப்பதம் பதியும் கருவி, தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில், சுவரில் ஒட்டாமல், விசிறிக் காற்று நேராகப் படாமல். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. வேலைக்கு முன் 14 நாள், பின் 14 நாள், இரண்டும் சித்திரை, வைகாசிக்குள். தளத்தின் அடிப்பரப்பை அகச்சிவப்பு வெப்பமானியால் மதியம் 3 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அறைக்கு ஐந்து இடத்தில் எடுக்க வேண்டும். இரவு எண்தான் முக்கியம். நம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுப்பது அப்போது கீழே இறங்கும் சூடுதான்.

நேற்று 41, இன்று 37 என்று தனி நாளைக் காட்டி வெற்றி அறிவிக்கக் கூடாது. வேலை செய்த அறைக்கும் தொடாத அறைக்கும் உள்ள வித்தியாசம், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, அதை மட்டும்தான் எழுத வேண்டும். கருவிகளைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் ஒரு நாள் வைத்துப் பார்த்து, அரை டிகிரிக்கு மேல் விலகுவதை ஒதுக்கிவிடவும். நாலு மாவட்டக் கருவியும் அந்த ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும்.

#17 ஒப்பந்தப்புள்ளி

அந்த மேசைச் சோதனையை வேலை வாசகத்தின் உள்ளேயே எழுதுங்கள், தனிக் கடிதமாக விடாதீர்கள். ஒப்பந்தக்காரரின் இறுதி பில் தொகையில் ஒரு பங்கை 48 மணி நீர்ச் சோதனைப் பதிவும் முதல் மழைக்குப் பிந்தைய குழாய் வாய்ப் படமும் வந்தபின் விடுவிப்பது என்றும் சேருங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பர் வரை அந்தப் பங்கு நிற்கட்டும். வாசகத்தின் முதல் வரைவை இங்கேயே போடுங்கள் அரசலாறு, அளவு, அடர்த்தி, மூட்டு விவரங்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.